ஆறு விநாடிப் பறை

22 ஆகஸ்ட் 1992, சனி

அப்பா வேலைக்குப் போய்விட்டார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காலை ஏழரைக்குத்தான் வருவார். அண்ணாவும் வீட்டில் இல்லை. கதவின் இரண்டு பூட்டையும் போட்டுவிட்டு, போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தமிழில் எழுதினால், இந்த வெள்ளைக்கார நாட்டுப் பள்ளிக்கூடத்தில் யார் பறித்தாலும் வாசிக்க முடியாது. அப்பா வாசிப்பார். அதனால் இந்தக் கொப்பி சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள், பழைய துவாய்களுக்கு அடியில் இருக்கும்.

போன சனிக்கிழமை நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். கதவுக்குப் பின்னால் நின்று அண்ணாவிடம், "கனகேஸ் மாமிக்கு ரெலிபோன் எடுங்கோ" என்றேன்.

"ஏன், என்ன அலுவல்?"

"எடுங்கோ அண்ணா."

பிறகு படியில் தடதடவென்று இறங்கி ஓடுவது கேட்டது. அரை மணித்தியாலத்தில் மாமியோடு வந்தார். கையில் ஒரு பெரிய சொக்கிலேற். அதை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். இன்றுவரை சரியாகப் பார்க்கவில்லை.

மாமி அப்பாவின் அக்கா. செப்ரெம்பர் பதின்மூன்றாம் திகதி மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்ய வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். "தாயில்லாப் பிள்ளைக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு நாளைக்குச் சனம் கதைக்கும்" என்றார். அப்பா தலையாட்டினார்.

25 ஆகஸ்ட், செவ்வாய்

அண்ணா என்ன செய்கிறார் என்று அப்பாவுக்குத் தெரியாது. கணினி படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணா கல்லூரியை விட்டு எட்டு மாதம்.

பழைய அமெரிக்க இசைத்தட்டுகளில், பாடுகிறவர் நிறுத்திவிட, மேளம் மட்டும் தனியே அடிக்கும் சில விநாடிகள் வரும். அதை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டி, கீழே நெஞ்சு அதிரும் ஒரு தாழ்ந்த ஒலியைப் போடுவார்கள். பிரேக்பீற் என்று பெயர். அண்ணாவிடம் பழைய சாம்பிளர் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒலியைப் பிடித்துவைத்து வெட்டும் பெட்டி. ஒருமுறைக்குச் சில விநாடிகள்தான் அதற்குள் கொள்ளும். மாமி அதைக் கண்டுவிட்டு, "உதென்ன மோனே, மீன் சுடுற பெட்டியோ?" என்று கேட்டார். "ஓம் மாமி, சின்னச் சூடை மீன் மட்டும்தான் கொள்ளும்" என்றார் அண்ணா. மாமி நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் ஒரே அமெரிக்கத் தட்டுகளைத்தான் வெட்டினார்கள். அண்ணா பறைமேளத்தை வெட்டினார். இதை முதலில் செய்தது நிமலன்தான் என்று, அண்ணாவின் தட்டுகளை விற்கும் டெல்றோய் தன் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறான். சித்திரை மாதம் ஐந்நூறு தட்டு அச்சடித்தார்கள். இப்போது அனுமதியில்லாமல் நடத்தும் திருட்டு வானொலிகள் எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. விடுமுறைக்கு முன் பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பெடியன்கள் மேசையில் அதைத் தாளம் போட்டார்கள். அது யாருடைய மேளம் என்று எனக்குத் தெரியும். நான் யாருக்கும் சொன்னதில்லை.

தட்டின் நடுவில் வெள்ளைக் காகிதம். அதில் தமிழில் ஒரு சொல் மட்டும், முத்திரை குத்தியது போல: தவமணி. அம்மாவின் பெயர்.

2 செப்ரெம்பர், புதன்

மேளம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவைக்கிறேன். எழுதினால் பயம் குறையுமா என்று பார்க்கலாம்.

எங்களை ஒரு மாமாவோடு அப்பாவிடம் முன்னால் அனுப்பிவிட்டு அம்மா ஊரில் இருந்தார். கடதாசி சரிவந்ததும் வருவதாக இருந்தது. போன வருடம் மாசியில் காய்ச்சல் வந்தது. சண்டையால் பாதை பூட்டு, மருந்தில்லை. ஐந்து நாள். அப்பாவால் போக முடியவில்லை. இங்கே அகதியாக வந்த யாராலும் போக முடிவதில்லை. அதனால் ஊரில் உள்ளவர்கள் செத்தவீட்டைக் கசெற்றில் பதிந்து, கொழும்பால் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அம்மாவின் தம்பி, ஊரில் இருக்கும் சின்ன மாமா, பதிந்து அனுப்பினார். தொண்ணூறு நிமிடம். அப்பா அதைச் சூட்கேசில் வைத்துப் பூட்டினார். ஒருநாளும் கேட்கவில்லை.

நான்தான் திறப்பை எடுத்துச் சூட்கேசைத் திறந்து, கசெற்றை எடுத்து, அண்ணாவிடம் கொடுத்தேன். இருவரும் ஒரு பகல் முழுவதும் கேட்டோம். ஒப்பாரி வந்தபோது அண்ணா ஒலியைக் குறைத்தார். பறை வந்தபோது கூட்டினார். ஒரு இடத்தில் எல்லோரும் அழுகையை நிறுத்த, இரண்டு பேர் அடித்த பறை மட்டும் தனியே ஆறு விநாடி கேட்கிறது. அண்ணா அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

பிறகு ஒருநாள் மாமியிடம், "ஊரில பறை அடிக்கிறவையின்ர பேர் என்ன மாமி?" என்று கேட்டார். தட்டில் போடத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"அவையின்ர பேரை ஆர் கேட்டது? வருவினம், அடிப்பினம், போவினம்."

அதனால்தான் அம்மாவின் பெயர் மட்டும்.

12 செப்ரெம்பர், சனி

நாளைக்குச் சடங்கு. அண்ணாதான் பாட்டுப் போடுகிறார். அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். என்னவென்று எழுதமாட்டேன்.

13 செப்ரெம்பர், ஞாயிறு

மாமி என்னை ஆறு மணிக்கே எழுப்பித் தண்ணீர் வார்த்தார். கூறைச் சேலை மாதிரிப் பெரிய சேலை. "எடியே, மூச்சை இழு. இந்த இடுப்பில சேலை நிக்க ஆணிதான் அடிக்க வேணும்" என்றார். ஆலாத்தி எடுத்தார்கள். நூற்றைம்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் படம் எடுக்க மேடைக்கு வந்தபோது, படக்காரர், "பிள்ளையின்ர அம்மா ஒருக்கால் பக்கத்தில வாங்கோ" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. மாமி வந்து நின்றார்.

சாப்பாடு முடியும்வரை அண்ணா சினிமாப் பாட்டுகள் போட்டார். ஒரு மாமா வந்து, "தம்பி, வலு வடிவாப் போடுறாய், என்ர மகளின்ர கலியாணத்துக்கும் நீதான்" என்றுகூடச் சொன்னார். அதன் பிறகு அண்ணா அந்தத் தட்டைப் போட்டார்.

சின்னப் பிள்ளைகள் துள்ளத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்தார். அவரும் ஆடப் போகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு பின்வரிசை. ஊரில் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையால் பறையோடு பிரேதம் போகும்போது வீட்டுக்குள் இருப்பவர்களும் எழுந்து நிற்பார்கள். யாரும் சொல்லி எழவில்லை. கால்கள் தாமாக எழுந்துவிட்டன. என் சடங்கு மண்டபத்தில் பெரியவர்கள் எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். நடுவில் பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வடைத் தட்டோடு வந்தவர், அதை ஒரு கதிரையில் வைத்துவிட்டு, நடந்துபோய் மின்சார வயரைப் பிடுங்கினார்.

14 செப்ரெம்பர், திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை.

நேற்றிரவு வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். நான் சேலையோடு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆர் உனக்கு அந்தக் கசெற்றைத் தந்தது?"

"நானே எடுத்தனான்."

"பிள்ளையின்ர நாளில உதைப் போடச் சொல்லி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கசெற்றின் நாடாவைக் கையால் இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. அண்ணா, "அப்பா, வேண்டாம். அது ஒண்டுதான் கிடக்கு. வேற இல்லை" என்று இரண்டுமுறை சொன்னார். அப்பா அதைச் சட்டி கழுவும் தொட்டிக்குள் போட்டு நெருப்பு வைத்தார். தொண்ணூறு நிமிடமும் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிளாஸ்ரிக் மணம் இன்னும் போகவில்லை.

அப்பா அண்ணாவை வெளியே போகச் சொன்னார். அண்ணா பெட்டியையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு போனார். படியில் நின்று, "சுகி, பூட்டைப் போடு" என்றார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

20 செப்ரெம்பர், ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். அண்ணாவின் சட்டைகள் இரண்டு கிடந்தன. தோய்த்து மடித்து வைத்தேன்.

3 ஒக்ரோபர், சனி

வானொலியில் அண்ணாவின் குரல். ஆங்கிலத்தில் கதைத்தார், வேறு யாரோ போல இருந்தது. மூவாயிரம் பேர் வரும் ஆட்ட இரவுகளில் இப்போது அவர்தான் கடைசியாக வாசிக்கிறார். ஒரு சஞ்சிகையில் படம் வந்திருப்பதாக வகுப்பில் ஒருத்தி காட்டினாள். "இவன் உங்கட ஆள்போல இருக்கே" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

இன்றைக்கு நாங்கள் சோறும் பருப்பும். அப்பா உப்புப் போட மறந்துவிட்டார். நானும் அப்படியே சாப்பிட்டேன்.

16 ஒக்ரோபர், வெள்ளி

நான்கு நாளாகக் காய்ச்சல். மாமி வந்து நூல் கட்டினார். நான் நித்திரை என்று நினைத்து அப்பாவிடம் சமையலறையில் கதைத்தார்.

"சடங்கு வீட்டில செத்தமேளம் அடிச்சா என்ன நடக்கும் எண்டு நினைச்சனீ? தாய்க்கும் காய்ச்சல்தானே வந்தது."

"அக்கா, காணும், விடுங்கோ."

"நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது? அவன் தன்ர தங்கச்சிக்கே பாடை கட்டிப்போட்டுப் போட்டான்."

நான் செத்துப்போவேனா என்று தெரியவில்லை. செத்துப்போனால் அண்ணாதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் சாவதைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

18 ஒக்ரோபர், ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டது. உண்மையை எழுதுகிறேன்.

நான்தான் கேட்டேன்.

அண்ணா மாட்டேன் என்றார். "வேண்டாம் குஞ்சு, பெரிய ஆக்களுக்கு விளங்கிடும்." நான் அழுதேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் சடங்கில் அம்மா பக்கத்தில் நிற்பார். எனக்கு அம்மாவின் ஒரு படம்தான் இருக்கிறது. அதில் நானும் இல்லை. அந்த மேளம் அடித்தபோது அம்மா அந்த முற்றத்தில்தான் கிடந்தார், மேளத்துக்கு மிகவும் கிட்ட. அந்த ஒலி அவரைத் தொட்டுவிட்டு வந்த ஒலி. அது மண்டபத்துக்குள் வந்தால் அவரும் வந்தது போல. இதை நான் அண்ணாவிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. "அம்மாவும் வரட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தட்டை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் வேகத்தை நல்லாக் கூட்டித்தானே வச்சிருக்கிறன். அவைக்குப் பிடிபடாது" என்றார்.

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் அந்த மேளத்தைக் கசெற்றில் கேட்டவர்கள். அவர்கள் அதன் பின்னால் நடந்தவர்கள்.

24 ஒக்ரோபர், சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன், திறப்பு எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும். இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைத்தபடியே நின்றார். புகை மணத்தது. நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"பயம்."

"எனக்கோ?"

"ஓம்."

அவர் கட்டிலில் இருந்தார். சட்டையில் பழுப்பாக முக்கோணம் விழுந்திருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அவன் ஏன் சொல்லேல்லை?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும்.

கதவடியில் சப்பாத்துப் போடும்போது, "போய் அவனை வரச் சொல்லு" என்றார். அந்தச் சட்டையோடுதான் வேலைக்குப் போனார்.

31 ஒக்ரோபர், சனி

மாமிக்குச் சொல்லாமல் டெல்றோயின் கடைக்குப் போனேன். அண்ணா பின்னறையில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். தாடி வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும், "காய்ச்சலாம் எண்டு கேள்விப்பட்டனான்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"மாமி வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தனான். 'அவளுக்குக் காய்ச்சல், நீ உன்ர வேலையைப் பார்' எண்டு வச்சிட்டா."

டெல்றோய் எனக்கு ஒரு கோப்பை தேநீர் தந்துவிட்டு, உன் அண்ணனைப் பார்த்து இப்போது ஐம்பது பேர் செய்கிறார்கள், ஆனால் யாருக்கும் அந்த மேளம் கிடைக்கவில்லை என்றான். தை மாதம் அண்ணா ஜேர்மனிக்கு வாசிக்கப் போகிறாராம், பிறகு பெல்ஜியத்துக்கு. எல்லாம் எழுதி முடிந்துவிட்டதாம்.

"அண்ணா, அப்பாட்டைச் சொல்லிட்டன். நான்தான் கேட்டது எண்டு. உங்களை வரட்டாம்."

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "நீ ஏன் சொன்னனி? அடிச்சவரோ?"

"இல்லை. இஸ்திரிப் பெட்டி சட்டையை எரிச்சுப்போட்டுது. வாங்கோ அண்ணா."

"வீட்டை விட்டுக் கலைச்சதுக்கு எனக்குக் கோவமில்லை, குஞ்சு. நானெண்டாலும் கலைச்சிருப்பன். ஆனா அந்தக் கசெற்... நாங்கள் ஒருத்தரும் போகேல்லை. அது மட்டும்தான் கிடந்தது. அம்மாவை அவர் ரண்டாந்தரம் எரிச்சவர். அவரின்ர முகத்தைப் பாக்கேக்க எனக்கு அந்த மணம்தான் வரும்."

"தட்டு இருக்குத்தானே?"

"ஆறு விநாடி. மிச்சம் எங்க?"

பேருந்து நிறுத்தம்வரை வந்தார். நான் அவரிடம் சந்தோசமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஒவ்வொரு சனியும் அதைப் போடாமல் விடமாட்டினம். போட்டவுடன எல்லாரும் கையைத் தூக்கிக் கத்துவினம். அந்த இடத்தில அது என்ன மேளம் எண்டு தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான். அவைக்கு ஆட்டம். எனக்கு ஒவ்வொரு சனியும் செத்தவீடு, சுகி."

3 நவம்பர், செவ்வாய்

மூன்று நாள் அப்பாவுக்குப் பொய் சொன்னேன், அண்ணா கடையில் இல்லை என்று. இன்றைக்கு அவர் சந்தையில் அண்ணாவுக்குப் பிடித்த பாரை மீன் வாங்கிவந்து, "எந்த நாள் வாறானாம்?" என்று கேட்டார். அதற்கு மேல் முடியவில்லை. அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டாந்தரம் எரித்தவர் என்பதையும்.

அப்பா மீனை வெட்டி முடித்தார். செதிலைக் கடதாசியில் சுற்றினார். கையைக் கழுவினார். பிறகு, "சனிக்கிழமை எங்க வாசிக்கிறான்?" என்று கேட்டார்.

கடையில் எடுத்த விளம்பரத் துண்டைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விலாசத்தை இரண்டுமுறை வாசித்தார்.

7 நவம்பர், சனி

அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அண்ணா போன பிறகு இரவில் என்னை மாமி வீட்டில் விடுவார், இன்றைக்கு மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை.

8 நவம்பர், ஞாயிறு

விடியும் நேரம் பின்முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கீழே கோழிக்கடைக்காரர் பெட்டிகள் கழுவும் குழாய் அங்கே இருக்கிறது. கள்ளன் என்று பயந்து யன்னல் சீலையை விலக்கினேன். அப்பா. வெள்ளைச் சட்டையோடு நின்று, வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். தரையில் உறைபனி. மூன்று வாளி ஊற்றினார்.

துவாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அப்பா, உள்ள சுடுதண்ணி இருக்கு, வாங்கோ" என்றேன். அவர் நடுங்கியபடியே, "குளிக்காமல் உள்ள வரக்கூடாது, பிள்ளை" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அடுப்பைப் போட்டு, பக்கத்தில் இருத்தி, கோப்பி கொடுத்தேன். கோப்பையைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"வாசல்ல நிண்ட பெரிய கறுவல் பெடியன், 'அங்கிள், வழி தவறிட்டீங்களோ' எண்டு கேட்டவன். நிமலன்ர தகப்பன் எண்டு சொன்னன். காசு வாங்காமல் விட்டவன். கையைக் குடுத்தவன்."

"நிறையச் சனமோ அப்பா?"

"நல்லூர்த் தேருக்கு நிண்ட மாதிரி. நான் சுவரோட நிண்டனான். அவன் மேல மேடையில. அந்த மேளத்தைப் போட்டான். எல்லாரும் கையைத் தூக்கினவை. நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். அப்பதான் என்னைக் கண்டவன்."

"பிறகு?"

"வழமையா எவ்வளவு நேரம் ஓடும் அது?"

"மூண்டு, நாலு நிமிசம்."

"எனக்கு அரை மணித்தியாலம் போட்டவன்."

ஒரே தட்டின் இரண்டு பிரதி வைத்திருப்பார் அண்ணா. ஒன்று முடியுமுன் மற்றது; அது முடியுமுன் முதலாவதைத் திருப்பி ஆரம்பத்துக்கு. அப்படி மாற்றி மாற்றிப் போட்டால் ஆறு விநாடி முடியவே முடியாது. அப்பாவுக்கு அது தெரியாது. "ரண்டு கையாலயும் என்னவோ செய்துகொண்டே இருந்தவன்" என்றார். வேறு எந்த ஒலியையும் சேர்க்கவில்லையாம். மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தாராம், தட்டை விரலால் பிடித்துப் பிடித்து. கடைசியில் அது ஊரில் அடிக்கும் வேகத்துக்கு வந்துவிட்டதாம். ஆடியவர்கள் கத்தினார்களாம், விசில் அடித்தார்களாம், யாரோ தண்ணீர்ப் போத்தல் எறிந்தார்களாம். அண்ணா நிறுத்தவில்லை. பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள்.

"வீட்டில இருந்து சுடலைக்கு அரை மணித்தியாலம்தான்" என்றார் அப்பா. "அவளோட நான் நடக்கேல்லை. ராத்திரி நடந்தன்."

கோப்பி ஆறிவிட்டது. அவர் குடிக்கவில்லை.

"அண்ணாவோட கதைச்சீங்களோ?"

"மேளத்தை நிப்பாட்டிப்போட்டு, ரண்டு தட்டையும் உறையில போட்டான். பெட்டியைத் தூக்கினான். பின் கதவால போனவன். பேர் சொல்லிக் கூப்பிட்டன். ரண்டுதரம் கூப்பிட்டன்."

"கேக்கேல்லைப்போல."

"கேட்டது. நிண்டவன். திரும்பேல்லை."

நான் அழத் தொடங்கினேன். எல்லாம் என்னால்தான், அண்ணா இனி வரமாட்டார் என்று சொன்னேன். அப்பா ஈரக் கையை என் தலையில் வைத்தார்.

"ஓம், வரான்" என்றார். "அழாதை. கொள்ளி வைச்ச பிள்ளை திரும்பிப் பாக்கக் கூடாது, அம்மா. அவன் சரியாத்தான் செய்தவன்."

இப்போது அவர் படுத்திருக்கிறார். இதை எழுதுமுன் நானும் முற்றத்துக்குப் போய், ஒரு வாளி பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.